கல்லுப்பால்

பஞ்சில் ஒட்டியிருந்த அந்தச் சாம்பல் நிறம் என்னவென்று வார்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை. தமிழரசனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சவரக்கத்தியைத் தீட்டுகல்லில் வைத்து நாற்பது ஐம்பது இழுப்பு இழுத்த பிறகு வருகிற நிறம் அது. அதற்கு முன் வெள்ளையாக இருக்கும். அதற்குப் பின் தண்ணீர் சொட்டச் சொட்டத் தெளிந்து காணாமல் போய்விடும். இடையில் ஐந்து நிமிடம்தான் இந்தச் சாம்பல். தினமும் விரல் நுனியில் பார்க்கிற நிறத்தை அக்காவின் பாதத்துக்குள்ளிருந்து ஒருவர் இடுக்கியால் எடுத்துக் காட்டுவார் என்று அவன் நினைத்ததில்லை.

"கால்ல என்ன வச்சீங்கம்மா?" என்றார் டாக்டர் பிரியதர்ஷினி. சின்ன வயது. விடிந்ததிலிருந்து நின்றுகொண்டேயிருந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. "மூலிகை, சுண்ணாம்பு, எதுனா?"

"ஒண்ணும் வைக்கலம்மா" என்றாள் திரௌபதி. "உப்புத் தண்ணியிலயே நிக்கிற காலு. அந்தச் சேறு ஏறியிருக்கும்."

"சேறு இப்படி மைதா மாவாட்டம் இருக்காதே."

"எங்க ஊரு சேறு அப்படித்தாம்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரலுக்கு அடியில் காய்ப்பின் நடுவே ஆரம்பித்த வெடிப்பு, பாதத்தின் ஓரமாக விரற்கடை ஆழத்துக்கு இறங்கியிருந்தது. சுற்றிலும் வீங்கிச் சிவந்திருந்தது. உள்ளே கருப்பு.

"மூணு மணிக்குப் பெரிய டாக்டர் வர்றாரு. உள்ள இருக்கிற கருப்பு செத்த சதையா, வெளிய இருந்து போனதான்னு எனக்குப் புரியல. கழுவுனாலும் முழுசா வரல. எல்லாம் செத்த சதைன்னா ரெண்டு விரலோட நிக்காது, முன்பாதம் வரைக்கும் எடுக்க வேண்டியிருக்கும். சுகர் வேற முன்னூத்தி எண்பது. எத்தனை வருஷமா இருக்குது சுகர்?"

தமிழரசன் நிமிர்ந்தான். திரௌபதி அவனைப் பார்க்காமல், "ரெண்டு வருஷமா" என்றாள்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அவன் கட்டிலோரம் குனிந்தான். "சுகரா? என்கிட்ட சொல்லவே இல்லியேக்கா."

"சொன்னா நீ காலைத் தொடுவியா? கடை வாசல்லயே போர்டு மாட்டி வச்சிருக்கிற, 'சுகர் உள்ளவர்களுக்குச் செய்வதில்லை'ன்னு. நீ காய்ப்பச் சீவி விடலன்னா நான் எந்தக் காலோட உப்புப் பாத்தியில எறங்குறது?"

"அதுக்குத்தானேக்கா போர்டு வச்சேன்."

"மெதுவா பேசு. அப்புறம் கேளு. கல்லுப்பால்னு வாயத் தொறந்தே, கொன்னுடுவேன். கடையப் பூட்டி சீல் வச்சுடுவானுங்க."

"விரல எடுத்துடுவாங்கக்கா."

"எடுத்தா எடுக்கட்டும். ரெண்டு போனா எட்டு இருக்குது. உனக்குக் கடை எத்தினி இருக்குது?"

அவன் கட்டிலை விட்டு விலகினான். வெளியே போய் டீ வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு வராந்தாவில் வந்து நின்றான்.

மரக்காணத்தில் அவன் வைத்திருப்பது இரண்டு நாற்காலி போட்ட சலூன். முடிவெட்டு, சவரம் எல்லாம் மற்ற கடைகளைப் போலத்தான். சவரத்துக்குப் பாதி பிளேடு. ஒரு முகத்துக்கு ஒன்று, முடிந்ததும் குப்பை. ஆனால் அவன் கடையைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் முகத்துக்காக வருவதில்லை, காலுக்காக வருகிறார்கள். உப்பளத்தில் வெறுங்காலோடு நிற்கிறவர்களின் பாதம் மாட்டுக்குளம்பு மாதிரி காய்த்துவிடும். காய்ப்பு தடிக்கத் தடிக்க அது வெடிக்கும். வெடிப்புக்குள் உப்புத்தண்ணீர் இறங்கினால் மிளகாயை அரைத்து வைத்த மாதிரிதான். அந்தக் காய்ப்பைச் சீவ பிளேடு உதவாது. வளைந்துகொண்டு சதைக்குள் பாயும். மடக்குக் கத்தி வேண்டும். அதுவும் முகத்துக்கு வேண்டியதைவிடக் கூர்மையாக வேண்டும். மழுங்கிய கத்தி தோலைப் பிய்க்கும். கூரான கத்தி வெங்காயச் சருகு மாதிரி உரித்துக்கொண்டு வரும், சதைக்குத் தெரியவே தெரியாது.

கத்தியும் கல்லும் பெரிய முதலியார்சாவடி சலூனில் வேலை பார்த்தபோது கிடைத்தவை. ஆரோவில்லில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்கே திரும்பிப் போகிறபோது, பெட்டியில் இடமில்லை என்று விட்டுவிட்டுப் போனார். மஞ்சள் நிறத்தில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கல், கூடவே தீப்பெட்டி அளவு அதே கல்லில் ஒரு குட்டி. எப்படித் தீட்டுவது என்று அவன் செல்போன் வீடியோக்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். மூன்று மாதம் தப்புத் தப்பாகத் தீட்டி, தன் முழங்கை முடியையெல்லாம் பரிசோதனைக்குக் கொடுத்து, ஒருவழியாகக் கை படிந்தது. பெரிய கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குட்டிக்கல்லால் வட்டமாகத் தேய்த்தால் கல்லிலிருந்து பால் மாதிரி ஒன்று கிளம்பும். அந்தக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத கடினமான சிவப்பு மணிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம். அவைதான் பாலில் உருண்டு உருண்டு இரும்பைத் தின்கின்றன. கத்தியை அதன்மேல் படுக்கவைத்து, கூர்வாயை முன்னே விட்டு இழுக்க இழுக்கப் பால் சாம்பலாகும். பிறகு ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் வெறும் தண்ணீரில் பத்து இழுப்பு. அப்போது ஒரு தலைமுடியைத் தொங்கவிட்டுக் கத்தியால் தொட்டால் சத்தமில்லாமல் இரண்டாகும். அந்தக் கணத்தில் அவனுக்கு உலகத்தில் வேறு எதுவும் தேவைப்படாது.

வினை ஆரம்பித்தது உப்பளத்தில் வேலை செய்யும் சகாயமேரியிடம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பங்குனி மாதம். காய்ப்பைச் சீவி முடித்த பிறகும் அவளுக்குக் குதிகால் வெடிப்பு எரிந்துகொண்டிருந்தது. "அய்யோ, ஏதாவது தடவேன்டா" என்று கத்தினாள். அப்போதுதான் தீட்டியிருந்த கல்லில் பால் இருந்தது. விரலால் வழித்து வெடிப்பில் தடவினான். குளிர்ந்த மாவு, எந்த மாவாயிருந்தாலும் எரிச்சல் அடங்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "மாதாவே" என்றாள். கண்ணைத் திறந்து அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி யாரும் ஒரு முடிவெட்டுகிறவனைப் பார்ப்பதில்லை.

"இன்னாடா இது?"

"மலைக்கல்லு மேரியக்கா. காயத்த இழுத்துப் புடிக்கும்."

அவன் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் ஊரே சொல்லிக்கொண்டது. கல்லுப்பால் என்று பேர் வைத்தது அவர்கள். பத்து நாளில் வெடிப்பு மூடும் என்றது அவர்கள். சீவாமலே பால் மட்டும் கேட்டு வர ஆரம்பித்தார்கள். "எருமை வச்சிருக்கிறவன்கூட இவ்ளோ கறக்க மாட்டான், நீ கல்லுல கறக்குறியே" என்று உப்பு மூட்டை தூக்கும் தனக்கோடி கிண்டல் செய்துகொண்டே காலை நீட்டுவார். தமிழரசன் மறுக்கவில்லை. கல்லுக்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் பதினோரு மணிக்கு உப்பளத்திலிருந்து திரும்புகிறவர்கள் நேராக அவன் வாசலில் வந்து உட்காருவது அவனுக்குப் பிடித்திருந்தது.

கேட்கிறவர்கள் பெருகியதும் பால் பற்றவில்லை. தீட்டும்போது வழிகிறதை ஒரு பழைய கிரீம் டப்பாவில் வழித்துச் சேர்க்க ஆரம்பித்தான். வராந்தாவில் நின்றபோது அவனைக் குடைந்தது அந்த டப்பாதான். ஒரு காலைச் சீவியதும் கத்தியைத் துணியில் துடைப்பான். கூர் மழுங்கியிருந்தால் கல்லில் இரண்டு நிமிடம் போடுவான். அதற்குப் பிறகுதான் ஸ்பிரிட்டில் கழுவுவான். கடைசியில் கழுவினால் போதும், அடுத்த காலுக்குப் போகிற கத்தி சுத்தமாக இருந்தால் சரி என்று நினைத்தான். கத்தி சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒட்டியிருந்ததெல்லாம் கல்லில் இறங்கி, பாலோடு கலந்து, டப்பாவுக்குப் போய், டப்பாவிலிருந்து அடுத்தவர் வெடிப்புக்குள் போயிருக்கிறது. இரண்டு வருடமாக. இது அவனுக்கு இப்போதுதான் தோன்றியது என்று சொல்ல முடியாது. ஒருமுறை டப்பாவைத் திறந்தபோது லேசாக நாற்றம் அடித்தது. மூடிவிட்டு, அன்று மாலை இரண்டு சொட்டு டெட்டால் விட்டான். அதோடு சரி.

அவன் திரும்பி வார்டுக்குள் போனான். அக்காவின் கட்டிலைத் தாண்டி நேராக டாக்டரின் மேஜைக்குப் போனான். பின்னால், "டேய், டீ எங்கடா?" என்று திரௌபதி கேட்டாள். பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. "தமிழு! டேய்!" என்றாள். குரல் உடைந்திருந்தது.

எல்லாவற்றையும் சொன்னான். கல், குட்டிக்கல், கத்தி, டப்பா, நாற்றம். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் எழுதிக்கொண்டேயிருந்தார்.

"பால்னா? ஏதாவது செடியோட பாலா?"

"இல்ல மேடம். கல்லுத்தூள், தண்ணி, இரும்புத்தூள். அவ்ளோதான். கருப்பா இருக்கிறது அந்த இரும்பாத்தான் இருக்கும். முழுக்க இல்லன்னாலும்."

"கடைசியா எப்ப வச்சீங்க?"

"நாலு நாளைக்கு முன்னாடி."

"இத முதல்லயே சொல்லியிருந்தா நல்லாருக்கும். சரி. அந்த டப்பா வேணும். அதுல என்ன கிருமி இருக்குதுன்னு பார்த்தாத்தான் சரியான மருந்து போட முடியும். மூணு மணிக்குள்ள கொண்டாங்க." பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இவங்களுக்கு மட்டுமா வச்சீங்க?"

"இல்ல மேடம்."

"எத்தனை பேரு?"

அவன் விரல்விட்டு எண்ணப் பார்த்தான். வாசலில் நீண்டிருக்கும் கால்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன; முகங்கள் வரவில்லை.

"அதுல சுகர் இருக்கிறவங்க?"

"யாரும் இல்ல மேடம். கேட்டுட்டுத்தான்…" என்றவன் நிறுத்தினான். அக்காவையும் கேட்டுவிட்டுத்தான் தடவியிருந்தான்.

டப்பாவை எடுக்க அவன் ஊருக்குத் திரும்பிய பஸ் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது வெயில் ஏறியிருந்தது. மரக்காணம் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் பாத்திகள் கண்ணாடித் துண்டுகளாக விரிந்தன. வரப்புகளில் உப்புக் குவியல்கள், ஓலை போர்த்தியவை, போர்த்தாதவை. எங்கோ ஓர் ஊரில் எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய மேஜையில் வெள்ளைத் துணி விரித்துவிட்டு, சாப்பிட வராமலே போய்விட்ட மாதிரி இருக்கும் அவனுக்கு அந்தக் காட்சி. இன்று கண்ணில் பட்டதெல்லாம் கால்கள்தான். தண்ணீருக்குள் கணுக்கால்வரை நின்று பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தவர்களின் பாதங்கள் தண்ணீருக்கு மேலே தெரியவில்லை. அதனாலேயே அவன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கடை பூட்டியிருந்தாலும் வாசல் நிழலில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தனக்கோடி, சகாயமேரி, பக்கத்துத் தெரு ஜான்சி, ஜான்சியின் மாமியார் சவரியம்மாள்.

"வந்துட்டாருய்யா கலெக்டரு" என்றார் தனக்கோடி. "கடை தொறக்கிற நேரமா இது? என் காலு பத்து மணியிலேருந்து வரிசையில நிக்குது."

"அக்காவ ஆஸ்பத்திரியில சேர்த்திருக்குதுண்ணே."

சிரிப்பு நின்றது. சகாயமேரி எழுந்தாள். "திரௌபதியா? நேத்துகூட உப்பு வாரிக்கினு இருந்தாளே. இன்னா ஆச்சு?"

ஷட்டரைப் பாதிக்குத் தூக்கிவிட்டு அதைப் பிடித்தபடியே சொன்னான். டாக்டரிடம் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. அவருக்கு அவன் யாரோ. இவர்கள் இரண்டு வருடமாக அவன் விரலை நம்பிக் கண்ணை மூடியவர்கள். "அது மருந்தே இல்ல. வெறும் கல்லு. நான் சும்மா சொன்னது. அழுக்கு வேற சேர்ந்துருக்குது. யாரும் இனிமே வைக்காதீங்க. வச்சவங்க எல்லாரும் ஒருதடவ காலைக் காட்டிடுங்க."

ஜான்சி தன் காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"சும்மா சொன்னதா?" என்றாள் ஜான்சி. "எனக்கு ஆறிடுச்சே."

"அது தானா ஆறியிருக்கும் ஜான்சி."

"தானா ஆறுற காலா இது? இருபது வருஷம் ஆறாதது நீ தடவுன பிறகு தானா ஆறுச்சா? போவியா."

"அதெல்லாம் ஒண்ணுமில்லடி" என்றாள் சவரியம்மாள். "அவன் அக்காவுக்குச் சரியாகலன்ன உடனே ஊருக்கே இல்லங்கிறான். இருக்கிறத அவளுக்குன்னு எடுத்துக்கினு போறான் பாரு."

அவன் உள்ளே போய் டப்பாவை எடுத்துப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டியதைப் பார்த்ததும் அவளுக்கு அது உறுதியாகிவிட்டது. "பாத்தியா! நான் சொன்னேன்ல!"

"ஆயிரம் சொல்லுங்க" என்றான் தமிழரசன். அழுகை வந்துவிடும் போலிருந்தது. "உங்கள்ல யாருக்குச் சுகர் இருக்குது? அத மட்டும் சொல்லுங்க. போர்டுக்குப் பயந்து யாரும் மறைக்க வேணாம்."

தனக்கோடி மீசையைத் தடவினார். "எனக்கு பி.பி.தான்பா. சத்தியமா."

ஜான்சி தலையை ஆட்டினாள். சவரியம்மாள், "எங்க வம்சத்துலயே கெடையாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சகாயமேரி உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து வாயைத் துடைத்தாள். பிறகு வலது காலை மெதுவாக முன்னால் நீட்டினாள், அவன் முன்னால் நூறு தடவை நீட்டிய மாதிரியே. "உங்கக்காவுக்கும் எனக்கும் ஒரே நாள்லதாண்டா சீட்டு எழுதிக் குடுத்தாங்க. ஒண்ணாத்தான் போவோம், சுகர் மாத்திர வாங்க."

அவன் குந்தி உட்கார்ந்து பார்த்தான். குதிகால் வெடிப்பின் உள்ளே கோடு மாதிரி சாம்பல். கோட்டின் இரண்டு பக்கமும் தோல் பளபளப்பாக, சிவப்பாக இருந்தது. விரலால் அழுத்தினான்.

"வலிக்குதா?"

"இல்லியே. அதான் ஆறிடுச்சுன்னு நெனச்சேன்."

அவளைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தான். பையில் டப்பா இருந்தது. கல்லையும் குட்டிக்கல்லையும் ஈரத்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தான், டாக்டர் கேட்டாலும் கேட்பார் என்று. சகாயமேரி ஜன்னலோரம் உட்கார்ந்து, கூனிமேடு தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஏம்பா, கத்தி படாம வெறும் கல்ல மட்டும் தேய்ச்சா அந்தப் பாலு சுத்தம்தானே?" என்றாள்.

வரும்போதே அவனும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தான். கத்தி படாத பால். புதுக் கிண்ணம், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். யாருக்கும் கெடுதல் வராது. எரிச்சலும் அடங்கும், அவர்களும் வருவார்கள், அவனும் பொய் சொன்னவனாக ஆகமாட்டான். யோசிக்க யோசிக்க அவ்வளவு நியாயமாக இருந்ததால்தான் அவனுக்குப் பயமாக இருந்தது. டப்பாவும் ஒருநாள் இப்படித்தான் நியாயமாகத் தோன்றியது.

"தெரியல மேரியக்கா" என்றான்.

இரண்டு ஐம்பதுக்கு டப்பா டாக்டரின் கைக்குப் போனது. மூடியைத் திறந்து, முகத்தைச் சுளித்து, உடனே மூடினார். சகாயமேரியை அப்படியே உட்காரவைத்து ரத்தம் எடுத்தார்கள். பெரிய டாக்டர் வந்து, எழுதியிருந்ததைப் படித்து, தமிழரசனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆபரேஷன் அறைக்குள் போனார். ஐந்தரை மணிக்குத் திரௌபதியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"பாதி கருப்பு நீங்க சொன்னதுதான், கழுவிட்டோம்" என்றார் பிரியதர்ஷினி. "மீதி சதைதான். சுண்டுவிரலைக் காப்பாத்த முடியல. பக்கத்து விரல் நிக்கும்னு நெனக்கிறோம். பாதம் இருக்குது. மத்த ஆளுங்களையும் வரச் சொல்லணும். முகாம் போட ஏற்பாடு பண்றேன், பேர் லிஸ்ட் நீங்கதான் தரணும். எல்லாத்துலயும் உங்க பேரு வரும், அதையும் சொல்லிடுறேன்."

"சரிங்க மேடம்."

திரௌபதி மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அவன் சாப்பாடு கொண்டுவந்தால் சகாயமேரியிடம் சொல்லி வாங்கிக்கொண்டாள். சகாயமேரிக்குப் பக்கத்துக் கட்டில். குதிகாலைக் கீறிச் சுத்தம் செய்து கட்டுப் போட்டிருந்தார்கள். கடையைச் சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அதை அவன் சொல்லவில்லை. யாரோ சொல்லி அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நான்காம் நாள் மத்தியானம், தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பியபோது திரௌபதி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"இந்தக் கால் போவட்டும்" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அந்தக் கால் எரியுதுடா. குதிகால் வெடிப்புல. கல்லு பையிலதானே இருக்குது? கத்தி படாம ரெண்டு தேய் தேய்ச்சுக் குடு. யாருக்குத் தெரியப் போவுது?"

கல் பையில்தான் இருந்தது. நான்கு நாளாகத் தூக்கிக்கொண்டு திரிந்தான், எங்கே வைப்பது என்று தெரியாமல். அவன் குழாயடிக்குப் போய் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து எடுத்துவந்தான். அவளுடைய நல்ல காலைத் தன் மடிமேல் வைத்து, குதிகாலைச் சுற்றி ஈரத்துணியைப் போர்த்தினான்.

"இது வெறும் தண்ணிடா."

"ஆமாக்கா. வெறும் தண்ணி."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

பக்கத்துக் கட்டிலிலிருந்து சகாயமேரி தலையைத் தூக்கினாள். "இன்னாடி, குடுத்தானா?"

"குடுக்க மாட்டானாம்."

"குடுக்க மாட்டான்னு நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள் சகாயமேரி. "சரி, அந்தத் துணியில தண்ணி மிச்சமிருந்தா எனக்கும் ஒண்ணு போடச் சொல்லு."